சென்னீர்குப்பத்தில் இலை பழுக்கும் காலம்

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தின் முதல் வாரத்தில், கனடாவின் டொராண்டோ நகரில் வசிக்கும் என் அண்ணன் ஒரு காணொளியை அனுப்பினார். அவரும் அண்ணியும் பிள்ளைகளும் வடக்கு நோக்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் சென்று, அல்கான்குவின் என்னும் பெரும் வனப்பூங்காவைப் பார்த்துத் திரும்பியிருந்தனர். 1893-ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்டுவரும் காடு அது. ஏரியைச் சுற்றியுள்ள குன்றுகள் முழுவதும் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. இடையிடையே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருந்தன. அந்த நாட்டின் கொடியில் 1965 முதல் இடம்பெற்றுள்ள இலையும் இந்த மேப்பிள் இலைதான்.

சென்னீர்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அம்மா அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். நூல்கண்டுகளின் நிறங்களோடு வாழ்ந்தவர் என்பதால், எந்த நிறத்தையும் வெறுமனே சிவப்பு என்று சொல்லிவிட்டு நகர மாட்டார். “இது அரக்கு. அதோ அந்தக் கிளை குங்குமம். பின்னால் நிற்பது மாம்பழ மஞ்சள்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அண்ணன் தொலைபேசியில் பேசியபோது, “அடுத்த ஆண்டு இதே காலத்தில் நீங்களும் இங்கே இருக்க வேண்டும், அம்மா” என்றார். நானும் என் கணவரும், “ஆமாம், அடுத்த ஆண்டு கட்டாயம் போகலாம்” என்று உடன் சேர்ந்துகொண்டோம்.

அம்மா அறுபத்தேழு வயதினர். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இதயமும் வலுவிழந்திருக்கிறது. அடுத்த ஆண்டு கனடா என்பது நடக்கக்கூடியது அன்று என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது என்பதைத்தான் நாங்கள் உணரவில்லை.

தவறிப்போன இரண்டு முறைகள்

நவம்பர் மாதத்தில் அம்மா அடுத்தடுத்து இரண்டு முறை டயாலிசிஸுக்கு வர மறுத்தார். உடல் அசதி என்றார், மழை என்றார். வற்புறுத்த மனமில்லாமல் நாங்களும் விட்டுவிட்டோம். அது எங்கள் பெரும் பிழை. ஓர் இரவு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். உடலிலிருந்து வெளியேற்றப்படாத நீர் நுரையீரல்களில் சேர்ந்துவிட்டது. நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைந்து, அவசர டயாலிசிஸ் செய்த பிறகே மூச்சு சீரானது. டயாலிசிஸ் தவறினால் நீர் மட்டுமன்றிப் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும் என்பதை மருத்துவர் எங்களுக்கு மீண்டும் விளக்கினார்.

அம்மா தேறியபின் மருத்துவர் அவரருகில் அமர்ந்து, ஏன் வர மறுத்தார் என்று பொறுமையாகக் கேட்டார். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: “இவர்கள் எல்லாவற்றுக்கும் அடுத்த ஆண்டு என்கிறார்கள். கனடாவா, அடுத்த ஆண்டு. காசியா, அடுத்த ஆண்டு. நான் என்ன குழந்தையா? முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். முடிந்தது எது என்று அதையும் சொல்லுங்கள். இரண்டும் சொல்லாமல் வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்திக்கொள்ள மட்டும் வா என்றால் எப்படி வருவது?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மருத்துவர் மறைக்காமல் சொன்னார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் எவரும் பயணமே செய்யக் கூடாது என்பதில்லை. செல்லும் ஊரில் உள்ள டயாலிசிஸ் மையத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, மருத்துவக் குறிப்புகளை அனுப்பிவைத்துவிட்டு வெளியூரும் வெளிநாடும் சென்று வருபவர்கள் உண்டு. ஆனால் அம்மாவின் இதய நிலையில் அத்தனை நீண்ட விமானப் பயணம் உகந்ததன்று. அதை அவர் தெளிவாகச் சொன்னார். பிறகு, “அரைநாள் வெளியே போய் வருவதற்குத் தடையில்லை. எந்த நாள், எவ்வளவு நேரம் என்பதை நாம் சேர்ந்து தீர்மானிக்கலாம்” என்றார்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இங்கேயே எங்காவது இலை சிவக்கிறதா என்று பாருங்கள்” என்றார்.

நம் ஊரில் இலை உதிர்வது எப்போது?

அம்மா கேட்டது டிசம்பர் மாதத் தொடக்கத்தில். வெளியே வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. கூவம் ஆற்றங்கரையிலும் பூவிருந்தவல்லிச் சாலையோரத்திலும் மரங்கள் எல்லாம் ஆண்டிலேயே மிகுந்த பசுமையோடு நின்ற நேரம் அது. கனடாவில் இலைகள் உதிர்ந்து முடிந்த வேளையில் நம் ஊரில் உதிரவே தொடங்கியிருக்கவில்லை.

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்த ஆறில் ஒன்றுக்கும் இலையின் உதிர்வைக் கொண்டு பெயர் வைக்கப்படவில்லை. மழையும் பனியும் வெயிலுமே நம் பருவங்களின் பெயர்களாயின. குளிர் நாடுகளில் உள்ளதுபோல் எல்லா மரங்களும் ஒருசேர நிறம் மாறும் காலம் இங்கே இல்லை.

அதற்காக நம் மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை என்று பொருளன்று. காரணந்தான் வேறு. குளிர் நாட்டில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரம் இலைகளைக் கழிக்கிறது. நம் ஊரில் மழை நின்று மண்ணின் ஈரம் குறையும்போது கழிக்கிறது. இலைகளின் வழியாகவே மரம் மிகுதியான நீரை ஆவியாக இழக்கிறது. கோடை நெருங்குமுன் பழைய இலைகளை நீக்கிவிட்டால் நீர்ச் செலவு குறையும். ஆகையால் நம் பகுதியில் தை மாத இறுதி முதல் பங்குனி வரை வாதுமை, அரசு, வேம்பு, புங்கம் என்று ஒவ்வொன்றும் தத்தம் முறை வரும்போது இலையைக் கழித்துத் தளிர்க்கின்றன.

நிறம் மாறும் விதம் எங்கும் ஒன்றே. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். இலையைக் கழிக்கும் முன் மரம் அந்தப் பச்சையத்தைச் சிதைத்து, அதில் உள்ள சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், முன்பே இலைக்குள் இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமி பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. இலையில் தேங்கும் சர்க்கரையும் நல்ல வெயிலும் அதற்குத் துணைசெய்கின்றன. இறுதியில் காம்பின் அடியில் தக்கை போன்ற மெல்லிய அடுக்கு ஒன்று உருவாகி, இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகிறது. உதிர்ந்த இடத்தில் புண் இருப்பதில்லை. அது முன்பே ஆறி மூடியிருக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிவிட்டு, மாசி மாதம் வரை காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். “மாசி என்றால் எந்தத் தேதி?” என்று கேட்டார். நாட்காட்டியை எடுத்து, பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமையைச் சுற்றி வட்டமிட்டோம். அதன் பிறகு அவர் டயாலிசிஸ் ஒன்றையும் தவறவிடவில்லை.

சனிக்கிழமை ஏன்?

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். செய்துகொண்ட அன்று மிகவும் களைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்றே என்று நான் முதலில் அதையே நினைத்தேன். மருத்துவர் வேண்டாம் என்றார். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியே வாரத்தில் நீண்டது. ஞாயிறு ஆகும்போது உடலில் நீரும் உப்புகளும் சேர்ந்திருக்கும். வெள்ளியன்று டயாலிசிஸ் முடிந்து, இரவு நன்கு உறங்கி எழும் சனிக்கிழமைக் காலையே அம்மாவுக்கு ஏற்றது என்று முடிவாயிற்று. வெயில் ஏறுமுன், பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

முதல் நாள் இரவே பையை எடுத்துவைத்தோம். மருந்துகள், மருந்துச் சீட்டு, கடைசி டயாலிசிஸ் குறிப்பு, மருத்துவமனையின் அவசரத் தொலைபேசி எண் ஆகியவை ஓர் உறையில். குடிக்க அனுமதிக்கப்பட்ட நீரின் அளவில் காலைப் பங்கு மட்டும் ஒரு சிறு புட்டியில். உப்புக் குறைத்துச் செய்த இட்லி. வழியில் இளநீரோ கரும்புச்சாறோ வாங்குவதில்லை என்று என் மகளிடமும் சொல்லிவைத்தேன். மற்றவர்க்கு நன்மை செய்யும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு அது ஆபத்து. அம்மாவின் முன்னால் நாங்கள் குடிப்பதும் முறையாகாது.

இருபது கிலோமீட்டர்ப் பயணம்

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டுள்ள இடக்கையின் மீது இருக்கைப் பட்டை அழுந்தாதவாறு என் கணவர் சரிசெய்துவிட்டு, “போகலாமா, அத்தை?” என்று கேட்டார். மடக்கு நாற்காலி ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டோம்.

முதல் மரம் எங்கள் தெருவைத் தாண்டி இரண்டாவது திருப்பத்திலேயே நின்றது. நாட்டு வாதுமை. சென்னையில் எல்லோரும் பாதாம் மரம் என்றுதான் சொல்கிறோம். கடையில் வாங்கும் பாதாம் பருப்பின் மரம் இதுவன்று. குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் கிளை பரப்பி, அகன்ற இலைகளோடு நிற்கும் இம்மரம் நம் தெருக்களுக்கு மிகவும் பழக்கமானது. இலை உதிர்வதற்கு முன் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஆழ்ந்த சிவப்பாகும். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் அம்மா வேலைக்குப் போய்வந்தார்.

காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இளவெயில் கிழக்கிலிருந்து இலைகளின் பின்புறத்தில் பட்டது. நரம்புகள் மட்டும் மஞ்சளாகத் தெரிய, இலைப்பரப்பு கண்ணாடிபோல் சிவந்திருந்தது. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாய் இருந்தன.

“இது அரக்கேதான்” என்றார் அம்மா. “இருபத்தாறு வருடம் இதன் அடியில்தான் பேருந்துக்கு ஓடினேன். கீழே கிடக்கும் சருகில் வழுக்காமல் இருக்க வேண்டுமே என்று தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மேலே பார்த்ததில்லை.”

பத்து வயதான என் மகள் இறங்கிச் சென்று, அப்போதுதான் உதிர்ந்த இலைகளில் நான்கைப் பொறுக்கி வந்தாள். ஒன்று அவளுடைய தோழிக்காம். தோழி வீட்டில் சண்டைமீன் வளர்க்கிறார்கள். வண்ண மீன் வளர்ப்போர் உலர்ந்த பாதாம் இலையை மீன்தொட்டியில் இடுவது வழக்கம். வண்ண மீன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற நம் கொளத்தூரிலும் இதன் பயனை அறிவார்கள். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் நீரைத் தேநீர் நிறமாக்கும். அது மீனுக்கு இதம் என்பர். “நாம் கூட்டித் தள்ளுவதற்கு இத்தனை பயனா!” என்று அம்மா வியந்தார்.

அங்கிருந்து திருவேற்காடு சென்றோம். வேல மரங்கள் நிறைந்த காடாக இருந்ததால் வந்த பெயர் அது. வேதபுரீசுவரர் கோயிலின் தலமரமும் வெள்வேல மரமே. கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதால் கோயிலுக்குள் செல்லாமல், வெளியிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டார் அம்மா. சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் ஓர் அரசமரம். பழைய இலைகள் பெரும்பாலும் கொட்டி முடிந்து, கிளை நுனிகளில் புதிய இலைகள் விரிந்திருந்தன. அவற்றில் பச்சையே இல்லை. செம்பும் இளஞ்சிவப்புமாகப் பளபளத்தன. நீண்ட நுனிகள் சிறு காற்றுக்கும் நடுங்கின.

“இது என்ன நிறம், பாட்டி?” என்று கேட்டாள் என் மகள்.

அம்மா யோசித்தார். “வெங்காயத்தோல்” என்றார். “எங்கள் மேற்பார்வையாளர் இந்த நூலை எடுத்துவரச் சொன்னால் பாதிப்பேர் தவறான கண்டை எடுத்துவருவார்கள். நான் எடுத்தது தவறியதில்லை.”

மேப்பிள் காட்டுக்கும் நம் ஊருக்கும் உள்ள பெரிய வேறுபாடு எனக்கு அங்கேதான் விளங்கிற்று. அங்கே இலை விடைபெறும்போது நிறம் கொள்கிறது. இங்கே பல மரங்களில் இலை பிறக்கும்போதே நிறம் கொண்டு வருகிறது. அரசு, மா, இலுப்பை, வேம்பு எல்லாம் செந்தளிர் விடுபவை. தளிரில் பச்சையம் நிறைவதற்கு நாளாகும். அதுவரை கடும் வெயில் சுடாமல் சிவப்பு நிறமி இளம் இலைக்குக் காப்பாக நிற்கிறது என்று தாவரவியலார் விளக்குகின்றனர்.

நான் சற்று உணர்ச்சிவசப்பட்டு, “பார்த்தீர்களா அம்மா, உதிர்ந்த இடத்திலேயே துளிர்க்கிறது” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மரத்துக்குத் துளிர்க்கும். என் சிறுநீரகம் துளிர்க்காது. அதெல்லாம் எனக்குத் தெரியும். அழகாக இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது போதாதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்தேன். நோயாளியோடு இருப்பவர்கள் பேசாமல் உடன் பார்த்திருப்பதும் ஒரு பணிவிடை என்பதை அன்று கற்றேன்.

மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய உயரத் தூண்களைக் கடந்து மாங்காட்டுக்குத் திரும்பினோம். மாமரக் காடாக இருந்த ஊர் இப்போது வீடுகளின் ஊராகிவிட்டது. ஆயினும் ஒரு வீட்டு மதிலுக்குள் மாமரம் ஒன்று பூத்திருந்தது. பூங்கொத்துகளுக்கு நடுவே ஒரு கிளையில் மட்டும் புதுத் தளிர். அம்மா அந்த நிறத்துக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. பட்டுப்புடவைக் கடையில் எல்லோரும் சொல்லும் மாந்துளிர் நிறம் அதுவே. தம்முடைய திருமணப் புடவை அந்த நிறம் என்று என் மகளிடம் சொன்னார். நானே அதை அன்றுதான் அறிந்தேன்.

மடக்கு நாற்காலியை மரநிழலில் போட்டு, இட்லி சாப்பிட்டோம். அண்ணனுக்குக் காணொளி அழைப்பு விடுத்தோம். அங்கே இரவு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தம் மடியிலிருந்த பாதாம் இலையைக் கைப்பேசியின் முன் உயர்த்திக் காட்டினார்.

“மேப்பிள் மாதிரியே இருக்கிறதே, அம்மா!” என்றார் அண்ணன்.

“ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்றார் அம்மா.

அண்ணன் சிரித்துவிட்டு, மேப்பிள் மரமும் சர்க்கரை தரும் மரமே என்று சொன்னார். பனிக்காலத்தின் கடைசியில் அடிமரத்தில் துளையிட்டு வடிக்கும் நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்களாம். ஏறக்குறைய நாற்பது லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்குமாம். “அத்தனை நீரையும் வற்றக் காய்ச்சுகிறார்களா? எனக்கு ஒரு நாளைக்கு அளந்து கொடுக்கும் தண்ணீரை எண்ணினால் வயிறெரிகிறது” என்று அம்மா சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாவின் நோயைப் பற்றி எங்கள் வீட்டில் சிரித்துப் பேசியது அதுவே முதல்முறை.

ஒன்பதரை மணிக்கு வீடு சேர்ந்தோம். எல்லாம் சேர்த்து இருபது கிலோமீட்டர் அளவே பயணம். அம்மா அன்று பகல் முழுவதும் உறங்கினார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பயணம்

இதழைப் படிக்கும் மற்றக் குடும்பங்களுக்கு, எங்களுக்குச் சொல்லப்பட்டவற்றையும் நாங்கள் கற்றவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நோய்க்கு நோய் கட்டுப்பாடு மாறும். ஆகையால் உங்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே எதையும் தீர்மானியுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சிகிச்சைக்கே கொடுங்கள். விடுமுறை நாளைப் பார்க்காமல் நோயாளி தெம்பாக இருக்கும் நாளைப் பாருங்கள். பயணத்துக்காக டயாலிசிஸையோ மருந்தையோ தள்ளிப்போட வேண்டாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் குடிநீரின் அளவையும் உப்பையும் வெளியே சென்றாலும் கைவிடக் கூடாது. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு போன்ற பொட்டாசியம் மிகுந்தவை குறித்து உணவியல் வல்லுநரிடம் முன்பே கேளுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் இறுக்கமான வளையல், கைப்பை வார், கடிகாரம் எதுவும் வேண்டாம். அந்தக் கையில் பாரம் தூக்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், ஊசி போடவும் விடக் கூடாது. அதிலிருந்து இரத்தம் கசிந்தால் விட்டுவிட்டுப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் சருகுக் குவியலின் அருகே செல்ல வேண்டாம். மட்கும் இலைகளிலும் ஈரமண்ணிலும் பூஞ்சை வித்துகள் மிகுந்திருக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலை அவை தாக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அவை தொல்லை தரும். அவர்கள் மரத்தை வண்டியிலிருந்தே பார்க்கலாம். உதிர்ந்த இலையைத் தொட்டவர்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைச்சுற்றல், படபடப்பு இவற்றில் எது தோன்றினாலும் பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவமனையை அழையுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முன்னரே பார்த்துவைப்பதும், நிழலில் அமர ஒரு நாற்காலி கொண்டுசெல்வதும் சிறு வேலைகள். ஆனால் அவை இல்லாமல் பயணம் பாதியில் முறிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நோயாளி ஓர் ஆசையைச் சொல்லும்போது, அவர் மனம் நோகக் கூடாது என்று எண்ணி நாம் தருகிற பொய்யான தவணைகளை அவர் அறிந்தே இருக்கிறார். முடியாததை முடியாது என்று மருத்துவரின் துணையோடு அன்பாகச் சொல்லிவிடலாம். சொன்ன கையோடு, முடிந்ததற்கு ஒரு தேதி குறித்துவிட வேண்டும். எங்கள் அம்மாவை மீண்டும் டயாலிசிஸ் நாற்காலிக்கு அழைத்து வந்ததில் நாட்காட்டியில் போட்ட அந்த வட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்த திங்கட்கிழமை அம்மா அந்தச் சிவந்த இலையை மருத்துவமனைக்கு எடுத்துவர விரும்பினார். தொற்று வராமல் காக்கும் பொருட்டு இலை, பூ எதையும் டயாலிசிஸ் பிரிவுக்குள் கொண்டுசெல்லக் கூடாது என்று செவிலியர் கூறினார். ஆகவே கைப்பேசியில் எடுத்த படத்தைப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மையாரிடம் காட்டினார். “எந்த நாட்டில் எடுத்தது?” என்று அவர் கேட்டாராம். “எங்கள் தெருவில்” என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த அம்மையாரின் மகன் இப்போது என்னிடம் மாங்காட்டு மாமரத்துக்கு வழி கேட்டிருக்கிறார்.

இலை உலர்ந்து எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்னே இருக்கிறது. சித்திரையில் புங்கமரங்கள் இளம்பச்சையாகத் தளிர்த்துப் பூத்திருக்கும்போது போக வேண்டிய ஒரு சனிக்கிழமையையும் அம்மா குறித்துவைத்துவிட்டார்.

சென்ற வாரம் அண்ணன் அழைத்து, அடுத்த மாசி மாதத்தில் குடும்பத்தோடு தாமே வந்து அரசமரத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “பயணச்சீட்டு எடுத்துவிட்டுச் சொல்” என்றார்.